மோட்டார் சைக்கிளின் அதிர்வைப் பிரித்தறிந்து குறைத்த விதம்

செகண்ட் ஹேண்டாக என் கைக்கு வந்த இந்த வண்டி, ஒற்றை சிலிண்டர் கொண்ட 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும், ஐந்து கியரும், 17 அங்குல அலாய் சக்கரங்களும் உடையது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தாண்டியதும் ஹேண்டில்பாரில் ரீங்காரம் தொடங்கும். 5,000-க்கும் 5,400-க்கும் இடையில் அது உச்சத்துக்குப் போகும்போது வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனத்தின் விளக்கு ஒரு கோடாக இழுபட்டுத் தெரியும். ஃபுட்ரெஸ்ட் வழியாக உள்ளங்கால் கூசும். வாங்கும்போதே நம்பர் பிளேட்டின் ஒரு மூலை அதன் போல்ட் துளையிலிருந்து விரிசல் விட்டிருந்தது.

இதை வெறும் வசதிக் குறைவாக நான் கருதவில்லை. கையால் பிடித்து இயக்கும் அதிர்வுக் கருவிகளை நெடுங்காலம் பயன்படுத்துகிறவர்களுக்கு விரல்களின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்பட்டு, குளிரில் விரல் வெளுத்துப்போகும் நோய் வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த பணியிட அதிர்வு விதி, கைகளுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக அதிர்வின் முடுக்கம் 2.5 மீ/நொடி² என்ற அளவை எட்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5-ஐத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. நாள்தோறும் வண்டியில் நெடுந்தூரம் போகிறவர் தம் விரல் மரத்துப்போவதைப் பழக்கமாக எடுத்துக்கொள்ளாமல், பழுதின் அறிகுறியாகப் பார்ப்பதே சரி.

பலர் இந்த இடத்தில் முதலில் செய்வது, ஹேண்டில்பார் முனைக்கு எடைக்கட்டி வாங்கி மாட்டுவதும் பஞ்சுக் கைப்பிடி போடுவதும்தான். அவை கடைசியில் செய்ய வேண்டியவை. தளர்ந்த போல்ட்டால் வரும் அதிர்வைக் கைப்பிடி ரப்பர் மறைத்துவிட்டால், போல்ட் தளர்ந்தபடியே இருக்கும், ஃப்ரேமின் வெல்டிங் விரிசல் விடும் வரைக்கும். ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, வருவது எந்த அதிர்வு, எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதைப் பிரித்துக்கொள்ள முடிவு செய்தேன்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. காலியான நேரான சாலையும் கிளட்சும் போதும். சீரான வேகத்தில் போய், கிளட்சை முழுவதும் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும்; ஆனால் சக்கரமும் செயினும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நின்றுபோகும் அதிர்வு எஞ்சினுடையது, நிற்காதது சக்கரத்தின் பக்கத்தது. அடுத்து, ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஐந்தாம் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 4,900 சுற்றும், நான்காம் கியரில் அதே வேகத்துக்கு 5,800 சுற்றும் சுற்றும். கியரை மாற்றியதும் அதிர்வின் சுருதி மாறினால் அது எஞ்சினைச் சேர்ந்தது. மாறாமல் இருந்தால் சாலை வேகத்தைச் சேர்ந்தது. மூன்றாவதாக, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை அதே சுற்றுக்கு உயர்த்திப் பார்த்தால், செயினும் சக்கரமும் கணக்கிலிருந்து விலகிவிடும்.

என் வண்டியில் கிளட்சைப் பிடித்த உடனே ரீங்காரம் அறுந்தாற்போல் நின்றது. ஆனால் 70 கி.மீ.-க்கு மேல் அதன் அடியில் மறைந்திருந்த வேறொரு ஆட்டம் வெளிப்பட்டது. அது கைகளில்தான் தெரிந்தது, இருக்கையில் தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. குறைந்த வேகத்தில் மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுத்து இழுக்கும்போது மட்டும், வண்டி சீரான இடைவெளியில் தள்ளித் தள்ளிப் போவதுபோல் ஒரு துடிப்பு. ஒரே தொல்லை என்று நினைத்திருந்தது உண்மையில் மூன்று.

கணக்குப் போட்டால் இந்த மூன்றும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது விளங்கும். நிமிடத்துக்கு 5,200 சுற்று என்பது நொடிக்கு ஏறக்குறைய 87 அதிர்வு. என் டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் அளவில் இருப்பதால், 70 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டில் 43 பல், செயினில் 120 கண்ணி. ஆகவே செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குச் சக்கரம் மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். செயினில் ஓரிடத்தில் மட்டும் குறையிருந்தால், 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்று முறை அளவில் தட்டும். ஸ்ப்ராக்கெட் மையம் விலகியிருந்தால் நொடிக்கு ஒன்பது முறை தட்டும். கையில் உணரும் துடிப்பை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாலே இவற்றைப் பிரித்துவிடலாம்.

உணர்வு ஒரு பக்கம் இருக்க, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட எண் வேண்டும் என்பதால் கைப்பேசியில் உள்ள முடுக்கமானியை, அதாவது அசைவின் முடுக்கத்தை அளக்கும் உணரியை, பயன்படுத்தினேன். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி, முடுக்கத்தைப் பதிவு செய்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கைப்பேசிகள் நொடிக்கு 100 முறை மட்டுமே முடுக்கத்தை அளக்கின்றன. அப்படி அளந்தால் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) வரையிலான அதிர்வை மட்டுமே நம்ப முடியும். அதற்கு மேற்பட்டது மடங்கிக் கீழே வந்து விழும். 5,000 சுற்றில் எழும் 83 ஹெர்ட்ஸ் அதிர்வு, அந்தக் கைப்பேசியின் வரைபடத்தில் 17 ஹெர்ட்ஸ் இடத்தில் நிற்கும். சக்கரத்தின் இருமடங்கு அதிர்வெண்ணும் ஏறக்குறைய அங்கேதான் வரும் என்பதால், எஞ்சின் கோளாறைச் சக்கரக் கோளாறு என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எஞ்சின் சுற்றைச் சற்று உயர்த்திப் பார்ப்பதுதான்: சுற்று ஏற ஏற வரைபடத்தின் முகடு கீழ்நோக்கி நகர்ந்தால் அது மடங்கி விழுந்த பிம்பம். நான் பயன்படுத்திய கைப்பேசி நொடிக்கு 400 முறை அளப்பது; எஞ்சினின் அடிப்படை அதிர்வுக்கு அது போதும்.

கைப்பேசியை ஹேண்டில்பாரில் ஒட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, பதிவைத் தொடங்கிவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகே திரையைப் பார்த்தேன். அளவு எடுத்ததும் கழற்றிவிட்டேன். மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் வலுவான அதிர்வு, கேமராவில் உள்ள பட நிலைப்படுத்தியையும் தானியங்கிக் குவியத்தையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் கைப்பேசியானாலும் இந்த வேலைக்குப் பழையதைப் பயன்படுத்துவதே நல்லது.

முதலில் எடுத்துக்கொண்டது எஞ்சின் ரீங்காரம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஏன் அதிர்கிறது என்பதை ஒருமுறை தெளிவாக்கிக்கொண்டால், எதைத் தேட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். பிஸ்டனும் அதோடு ஏறி இறங்கும் பாகங்களும் சேர்ந்து 250 கிராம் என்றும், ஸ்ட்ரோக் 58 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், 6,000 சுற்றில் ஒவ்வொரு முறையும் பிஸ்டனை நிறுத்தித் திருப்ப ஏறக்குறைய 290 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. இதை ஈடுகட்ட, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கில் எதிரெடை இருக்கிறது; ஆனால் மேல்கீழ் விசை முழுவதையும் அதனாலேயே ஈடுகட்ட முயன்றால், அதே அளவு விசை முன்பின்னாகப் புறப்பட்டுவிடும். ஆகவே பாதி அளவை மட்டும் கிராங்கில் ஈடுகட்டி, மீதியை, அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட்டிடம் ஒப்படைக்கிறார்கள். அதுவும் கிராங்கின் வேகத்தில் எழும் அதிர்வை மட்டுமே அழிக்கும். அதன் இருமடங்கு வேகத்தில் எழும், சுமார் கால் பங்கு வலுவுள்ள அதிர்வு அப்படியே இருக்கும்.

இதனால்தான், எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தபோது பேலன்சர் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக அதிரும். என் எஞ்சினின் கிளட்ச் கவர் ஓரத்தில், தொழிற்சாலையில் பூசியிருக்க வாய்ப்பில்லாத சிவப்பு கேஸ்கெட் பசை பிதுங்கிக்கொண்டிருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. எண்ணெயை வடித்து, கவரைக் கழற்றி, பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியும் பேலன்சரின் புள்ளியும் நேருக்கு நேர் நின்றன. பேலன்சர் ஷாஃப்ட்டின் பேரிங்கில் ஆட்டம் இல்லை, கிராங்கில் மேல்கீழ் ஆட்டம் இல்லை, மேக்னட்டின் நட்டும் இறுக்கமாக இருந்தது. இவ்வளவு வேலைக்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை என்று தோன்றலாம்; ஆனால் எஞ்சினின் உள்ளே குறையில்லை என்று உறுதியானதால், தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றையும் அப்போதே பார்த்து முடித்தேன். அவற்றில் சொல்லும்படி எதுவும் இல்லை.

உள்ளே எழுவது இயல்பான அதிர்வுதான் என்றால், அது ஃப்ரேமுக்குப் போகும் பாதையில்தான் கோளாறு இருக்க வேண்டும். எஞ்சினை ஃப்ரேமோடு பிணைக்கும் போல்ட்டுகள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இவை தவிர, டேங்குக்கு அடியில் சிலிண்டர் ஹெட்டை ஃப்ரேமோடு இணைக்கும் ஒரு சிறு தகட்டுப் பிடிப்பும் உண்டு. டேங்கைக் கழற்றாமல் இது கண்ணில் படாது, அதனாலேயே வழக்கமான சர்வீஸில் இதை யாரும் தொடுவதில்லை. டேங்கைக் கழற்றி விளக்கை அருகில் கொண்டுபோனபோது, அந்தத் தகட்டின் போல்ட் வாஷரைச் சுற்றி மெல்லிய செம்பழுப்புத் தூள் வளையமாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டியது. இறுக்கமாகத் தோன்றும் இரண்டு இரும்புப் பரப்புகள், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருக்கும்போது உதிரும் இரும்புத் துகள் துருப்பிடித்து இப்படித் தூளாகிறது. தளர்ந்த இணைப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. போல்ட்டைக் கழற்றினால், வாஷர் அமர்ந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது, தகட்டின் துளை ஒரு திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது.

போல்ட் ஒன்று இரண்டு பாகங்களைப் பிடித்து நிறுத்துவது தன் தண்டின் வலுவால் அல்ல, அவற்றை அழுத்தி உராய்வால் ஒட்டவைப்பதால்தான். அழுத்தம் குறைந்து நுண்ணிய நழுவல் தொடங்கிவிட்டால், எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஃப்ரேமைத் தட்டுகிறது. நீண்ட துளையுள்ள தகட்டை எவ்வளவு இறுக்கினாலும் நெடுநாள் நிற்காது என்பதால் தகட்டையும் போல்ட்டையும் மாற்றினேன்.

மற்ற நான்கு போல்ட்டுகளையும் வெறுமனே மேலும் இறுக்குவதோடு விடவில்லை. எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கி, எல்லாவற்றையும் தளர்த்தி, ஜாக்கைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு போல்ட்டும் விரலால் தள்ளினாலே உள்ளே போகும் நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்தேன். சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் எஞ்சின் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்; அப்படியே இறுக்கினால் பிடிப்புத் தகடுகள் எப்போதும் இழுவிசையில் நின்று, எளிதில் ரீங்கரிக்கும். எஞ்சினுக்கும் ஃப்ரேம் தகட்டுக்கும் இடையில் இருந்த இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடாமல், மெல்லிய வாஷர் கொடுத்து நிரப்பினேன். துளைகளைச் சுற்றியிருந்த தடித்த பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி எடுத்தேன். அழுத்தத்தில் பெயின்ட் நாளடைவில் நசுங்க, போல்ட்டின் பிடி குறையும். பிறகு எல்லாவற்றையும் கையால் ஏற்றி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் வண்டியின் கையேடு சொல்லும் வரிசையிலும் அளவிலும் இறுக்கினேன். பொதுவாக 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 45 முதல் 50 வரையும் வரும். ஆனாலும் அந்தந்த வண்டியின் கையேடே இறுதியானது.

உள்ளங்கால் கூசியதற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் புஷ் நசுங்கிப்போய், அதன் நடுவில் இருக்கும் இரும்புக் குழல் நேரடியாக ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. புஷ்ஷை மாற்றும்போது, சிலிண்டர் முனை நட்டுகளைத் தளர்த்திவிட்டு, சைலன்சரைத் தன் இடத்தில் இயல்பாக அமரவைத்து, முன் முனையை முதலிலும் பின் முனையைக் கடைசியிலும் இறுக்கினேன். ஃபுட்ரெஸ்ட்டின் ரீங்காரம் அந்த மாற்றத்தோடு போய்விட்டது.

அடுத்தது செயின். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றி, இடம் இடமாகத் தொய்வை அளந்தேன். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் தொடுவது விரலை இழக்கும் வழி. அதை யாரும் எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஓரிடத்தில் தொய்வு 34 மி.மீ., இன்னோரிடத்தில் 12 மி.மீ. மட்டுமே. 20 முதல் 30 மி.மீ. வரை தொய்வு வைக்கச் சொல்லும் வண்டியில் இவ்வளவு வேறுபாடு இருந்தால், எங்கே அளந்து சரிசெய்தாலும் வேறெங்கோ தவறாகத்தான் இருக்கும். 428 வகைச் செயினின் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ.; புதிதாக இருக்கும்போது 20 கண்ணிகளின் நீளம் 254 மி.மீ. இழுத்துப் பிடித்து அளந்தபோது என் செயின் ஓரிடத்தில் 256-ம் மற்றோரிடத்தில் 260-ம் காட்டியது. இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீண்டது போனதுதான். செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒன்றாக மாற்றினேன். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது விரைவில் கெடும். பின் சக்கரத்தைக் கழற்றிய அதே வேளையில் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் ரப்பர்களையும் பார்த்தேன்: சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்பின் அசைத்தால் தடையின்றி ஆடியது. புது ரப்பர்கள் அழுத்தித் திணித்தால்தான் உள்ளே போயின. தள்ளித் தள்ளிப் போன துடிப்பு இதோடு நின்றது.

எஞ்சியது 70 கி.மீ.-க்கு மேல் கைகளில் தெரிந்த ஆட்டம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்பின் இழுத்துப் பார்த்தேன். ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கான கோன் செட்டில் ஆட்டமும் இல்லை, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்கும் உணர்வும் இல்லை. சக்கர பேரிங்கும் நன்றாக இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில், ரிம்மின் விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும் மெல்லிய கோடு, ஒரு பகுதியில் மட்டும் ரிம்முக்குள் 3 மி.மீ. அளவு இறங்கியிருந்தது. டயர் ரிம்மில் முழுமையாக அமரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புக் கரைசல் தடவி, டயரில் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றடித்தபோது, அது சத்தத்தோடு தன் இடத்தில் உட்கார்ந்தது. பிறகு ஆக்சிலைச் சமமான இரு தாங்கிகளில் வைத்துச் சக்கரத்தைச் சுதந்திரமாகச் சுற்றவிட்டேன். கனமான பக்கம் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நின்றது. அதற்கு நேர் எதிரில் ஐந்தைந்து கிராமாக எடை ஒட்டி, எங்கே நிறுத்தினாலும் நிற்கும் நிலைக்கு வர 20 கிராம் தேவைப்பட்டது. சிறிய எடை என்று இதை விட்டுவிடக் கூடாது. 17 அங்குல ரிம்மில் 30 கிராம் சமனின்மை இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஐந்தரைக் கிலோ எடைக்குச் சமமான விசையாகி நொடிக்குப் பதினைந்து முறை அளவில் ஆக்சிலை இழுக்கும். விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால்தான் 50 கி.மீ.-யில் ஒன்றும் தெரிவதில்லை.

இவ்வளவும் முடிந்த பின்தான் ஹேண்டில்பாரைக் கவனித்தேன். ரீங்காரம் பெரிதும் குறைந்திருந்தாலும் 5,200 சுற்றை ஒட்டி இன்னும் ஒரு முகடு வரைபடத்தில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பேசி கட்டிய ஹேண்டில்பாரின் முனையை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால், அந்தக் குழாய் தன் இயல்பான அதிர்வெண்ணில் ஒலித்து அடங்கும். அது 88 ஹெர்ட்ஸ் என்று வரைபடம் காட்டியது, அதாவது 5,280 சுற்றுக்குச் சமம். எஞ்சின் அந்தச் சுற்றைத் தொடும்போதெல்லாம் குழாய் அதோடு ஒத்ததிர்ந்து அதிர்வைப் பெருக்குகிறது. முனையில் இருந்த இலேசான பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டு, ரப்பர் வளையத்தோடு இறுகும் 200 கிராம் எடைக்கட்டிகளை இருபுறமும் பொருத்தியதும் இந்த எண் 70-க்கு இறங்கியது. எடைக்கட்டி அதிர்வை அழிப்பதில்லை, ஒத்ததிர்வை வேறு சுற்றுக்கு நகர்த்துகிறது. 70 ஹெர்ட்ஸ் என்றால் 4,200 சுற்று. நான் நீடித்து ஓட்டும் சுற்று அல்ல, கியர் மாற்றும்போது கடந்துபோகும் சுற்று. ஒருவர் பெரும்பாலும் 4,200 சுற்றிலேயே ஓட்டுபவராக இருந்தால் இதே எடைக்கட்டி அவருக்குத் தொல்லையைக் கூட்டியிருக்கும், அவர் வேறு எடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரப்பர் தாங்கிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: அவற்றின் இயல்பு அதிர்வெண்ணைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வையே அவை தடுக்கும், அதற்குக் கீழே கூட்டிவிடும்.

எல்லாம் முடிந்த பின் 5,200 சுற்றில் ஹேண்டில்பாரில் அளந்த முடுக்கம், தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருந்தது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பரைப் படிக்க முடிகிறது. 7,000 சுற்றுக்கு மேல் மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. பேலன்சர் அழிக்காத இருமடங்கு அதிர்வுதான் அது என்பதால் அதைத் துரத்தவில்லை.

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் ஃப்ரேம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பார்த்தபோது பின்புறக் கீழ்ப் போல்ட்டின் கோடு மட்டும் சற்று விலகியிருந்தது. அதைக் கழற்றிப் பரப்பைத் துடைத்து மீண்டும் அளவுக்கு இறுக்கினேன். சிலிண்டர் ஹெட் தகட்டின் கோடு நகரவில்லை, வாஷரைச் சுற்றிச் செம்பழுப்புத் தூளும் இல்லை. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் இந்தக் கோடுகளைப் பார்ப்பதையும், செயினின் தொய்வைக் குறைந்தது நான்கு இடங்களில் அளப்பதையும் இந்த வண்டியின் சர்வீஸ் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.